சட்பரியின் பிர்ச் மரங்கள்: நிக்கல் மண்ணில் ஒரு மரம் எதை நிறுத்திவைக்கிறது?

மண் மேல் விழுந்த விதை ஈரம் கிடைத்ததும் முளைக்கிறது. வெள்ளை நிறத்தில் ஒரு முளைவேர் எட்டிப் பார்த்து, மண்ணைத் தொட்டு, அப்படியே நின்றுவிடுகிறது. சில நாளில் அதன் நுனி பழுப்பேறித் தடித்துப்போகும். விதைக்குள் இருந்த சேமிப்பில் இரண்டு இலை விரியும், அப்புறம் அதுவும் காயும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்பரி நகரைச் சுற்றிய வெற்றுக் குன்றுகளில் பல பத்தாண்டுகள் நடந்த கதை இது. விதை வந்துகொண்டுதான் இருந்தது, வேர்தான் இறங்கவில்லை.

ஆனால் அதே குன்றுகளின் ஓரங்களில், மேலே சொன்ன மண்ணிலிருந்து அதிகம் வேறுபடாத மண்ணில், வெள்ளை பிர்ச் மரங்கள் நின்றன. குட்டையாக, அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்து, புதர் மாதிரி. அழகென்று சொல்ல முடியாது, ஆனால் உயிரோடு இருந்தன. அந்த மரங்களின் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். பிர்ச் என்றதும் நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். பழைய ஏடுகள் எழுதப்பட்ட இமயமலைப் பூர்ஜ மரம் இதே பேரினத்தைச் சேர்ந்தது. உரிந்து உரிந்து வரும் அந்தக் காகிதப் பட்டை இரண்டுக்கும் பொது.

வறுத்தெடுக்கப்பட்ட நிலம்

சட்பரியின் நிக்கல் வானத்திலிருந்து வந்த ஓர் அடியின் விளைவு. சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்பொருள் மோதி, உருகிய பாறையிலிருந்து நிக்கலும் தாமிரமும் கந்தகத்தோடு சேர்ந்து படிந்தன. 1883-ல் கனடிய பசிபிக் ரயில் பாதை போடும்போது அந்தத் தாது வெளிப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சுரங்கங்களும் உருக்காலைகளும் வந்துவிட்டன.

தாதுவில் கந்தகம் அதிகம். அதை விரட்ட அன்று கையாண்ட வழி கொடூரமான எளிமை கொண்டது. காட்டை வெட்டி விறகாக அடுக்கினார்கள், அதன் மேல் தாதுவைக் குவித்தார்கள், தீ வைத்தார்கள். குவியல் மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். புகைபோக்கி என்று ஒன்றும் கிடையாது. கந்தக டை ஆக்சைடு தரையோடு தரையாகத் தவழ்ந்து, விறகுக்குத் தப்பிய மரங்களையும் கொன்றது. இந்தத் திறந்தவெளி வறுத்தல் 1929 வரை தொடர்ந்தது.

பிறகு உருக்காலைகளின் புகைபோக்கிகள். காப்பர் கிளிஃப், கோனிஸ்டன், ஃபால்கன்பிரிட்ஜ் என்று மூன்று இடங்கள். 1960களில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கும் மேல் கந்தக டை ஆக்சைடு வெளியேறியது. அதோடு நிக்கலும் தாமிரமும் கலந்த நுண்தூசி. சுமார் 20,000 ஹெக்டேர் முழு வெறுமை, அதைச் சுற்றி சுமார் 80,000 ஹெக்டேர் அரை வெறுமை. மரம் போனதும் மழை மண்ணை அரித்தது, பாறை கறுத்தது. அப்பல்லோ 16, 17 விண்வெளி வீரர்கள் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள். 'நிலா மாதிரி இருந்ததால் வந்தார்கள்' என்று ஊர் முழுக்க ஒரு கதை உண்டு. அவர்கள் வந்தது விண்பொருள் மோதல் விட்டுச்சென்ற பாறை வடிவங்களைப் பார்த்துப் பழக. கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்பது அன்றைய புகைப்படங்களைப் பார்த்தால் புரியும்.

1972-ல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி இயங்கத் தொடங்கியது. ஊர்க் காற்று தெளிந்தது, நச்சு தூரத்துக்குப் போனது. உமிழ்வு உண்மையாகவே குறைந்தது அதற்குப் பின் வந்த கட்டுப்பாடுகளாலும் ஆலை மாற்றங்களாலும்தான். 2020-ல் அந்தப் புகைபோக்கியே ஓய்வு பெற்றுவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கந்தக டை ஆக்சைடு நின்றால் காற்று சில ஆண்டுகளில் சுத்தமாகும். உலோகம் அப்படியில்லை, அது மக்காது, ஆவியாகாது. மண்ணின் மேல் சில சென்டிமீட்டரில், அதாவது முளைவேர் முதலில் தொடும் இடத்தில், படிந்தபடியே கிடக்கும். ஆலைகளுக்கு அருகே ஒரு கிலோ மண்ணில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் நிக்கலும் தாமிரமும் இருந்தன. மண்ணின் அமிலத்தன்மையோ பல இடங்களில் பி.எச். 4-ஐ ஒட்டி, சில இடங்களில் அதற்கும் கீழே (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்). உலோகத்தின் அளவை விட இந்த அமிலம்தான் பெரிய வில்லன் என்று நான் நினைக்கிறேன். அமில மண்ணில்தான் நிக்கல் துகளிலிருந்து கரைந்து வேர் குடிக்கும் நீரில் மிதக்கிறது. கூடவே மண்ணின் கனிமங்களில் அடங்கிக் கிடந்த அலுமினியமும் கரைந்து வேர் நுனியைத் தாக்குகிறது.

கள்ளச்சாவி

நிக்கல் நஞ்சு என்று மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. 1975-ல் ஆஸ்திரேலியாவில், நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரை விதையின் யூரியேஸ் நொதிக்குள் நிக்கல் இருப்பது தெரியவந்தது. யூரியாவை உடைக்கும் அந்த நொதி நிக்கல் இல்லாமல் வேலை செய்யாது. அமெரிக்காவின் தென்கிழக்கில் பீக்கான் என்ற கொட்டை மரத் தோட்டங்களில் இலை நுனி மழுங்கி எலிக்காது போல் வளரும் ஒரு நோய் விவசாயிகளைப் பல காலம் குழப்பியது. கடைசியில் பார்த்தால் அது நிக்கல் பற்றாக்குறை. இலையில் கொஞ்சம் நிக்கல் தெளித்தால் சரியாகிவிடும். ஆக, மரத்துக்கு நிக்கல் வேண்டும். ஆனால் வேண்டிய அளவு சமையலில் பெருங்காயம் மாதிரி, துளிதான்.

வேண்டிய பொருள் என்பதால்தான் கதவை முழுக்க அடைக்க முடிவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நிக்கல் தனக்கென்று ஒரு வாசலைத் தேடுவதில்லை என்பது. வேர் செல்லின் சவ்வில் இரும்பை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் உண்டு. அவை இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட, ஏறத்தாழ அந்த அளவுள்ள அயனிகளை எல்லாம் இரும்பென்றே நம்பிவிடும். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் ஐ.ஆர்.டி.1 என்ற இரும்புக் கடத்தி நிக்கலையும் உள்ளே விடுவது சோதனையில் உறுதியாகியிருக்கிறது. துத்தநாகம், மக்னீசியம் போகும் பாதைகளிலும் நிக்கல் நுழையும். என்ராம்ப் என்ற இன்னொரு கடத்திக் குடும்பமும் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

உள்ளே வந்ததும் அது செய்யும் முதல் சேட்டை ஆள்மாறாட்டம். மக்னீசியம் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்காரும். இரும்போடு போட்டி போடும். வேரில் நிக்கல் நிறைந்தால் இலைக்கு இரும்பு போதாமல், நரம்பு மட்டும் பச்சையாகவும் நடுவெளி மஞ்சளாகவும் இலை வெளுக்கும். நிக்கல் நஞ்சை வெளியில் பார்க்கும் ஒருவர் இரும்புச் சத்துக் குறைவு என்றே முதலில் நினைப்பார், அதுவும் தவறில்லை.

தாமிரத்தின் சேட்டை வேறு மாதிரி. அது எலக்ட்ரானை எளிதில் வாங்கும், எளிதில் கொடுக்கும். செல்லில் இயல்பாகவே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு, ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான துணுக்கை உண்டாக்கும். அது சவ்வின் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று கிட்டே இருப்பதையெல்லாம் கிழிக்கும். சவ்வு ஓட்டையானால் பொட்டாசியம் வெளியே கசியும். நிக்கல் நேரடியாக இப்படித் தீ மூட்டுவதில்லை, தீயணைப்பவர்களை முடக்குகிறது. ஆக்சிஜன் துணுக்குகளை அடக்கும் குளூட்டாதயோன் இருப்பைக் கரைத்து, அதோடு வேலை செய்யும் நொதிகளையும் மந்தமாக்குகிறது. சட்பரி மண்ணில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

தாவரங்களிடம் என்ன மாற்று இருக்கிறது? வேருக்கு வெளியே சிட்ரேட், மாலேட் போன்ற அமிலங்களைக் கசியவிட்டு உலோகத்தைக் கட்டிப்போடலாம். செல் சுவரின் பெக்டின் உலோகத்தை ஒட்டிப் பிடித்து வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தும். உள்ளே வந்ததைக் கட்ட குளூட்டாதயோனைச் சங்கிலியாகக் கோத்து ஃபைட்டோகெலேட்டின் செய்யலாம். 1985-ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த மூலக்கூறு காட்மியத்துக்கு அருமையான மருந்து, நிக்கலுக்கு அவ்வளவாக உதவாது. பாடப்புத்தகங்கள் 'கன உலோகம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது. நிக்கலைக் கட்ட ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும், நிக்கோஷியனமைன் என்ற சிறு மூலக்கூறும், சிட்ரேட்டும்தான் பெரும்பாலும் வேலைக்கு வருகின்றன. தாமிரத்துக்கு மெட்டலோதயோனின் என்ற சிறு புரதங்கள். கட்டியதை செல்லின் நுண்குமிழுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டால் ஆபத்து குறையும்.

இதில் மரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு. இலையுதிர் காலத்தில் இலையோடு சேர்த்து உலோகத்தையும் உதிர்த்துவிடலாம். சட்பரி வட்டாரத்து ஆய்வுகளில் ஆஸ்பென் என்ற பாப்லார் வகை மரம், பிர்ச் இரண்டும் நிக்கலையும் துத்தநாகத்தையும் இலை வரை ஏற்றுவதும், செம்மேப்பிள் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திவிடுவதும் தெரிந்தது. ஆஸ்பென் வழி மரத்துக்கு நல்லது. ஆனால் உதிர்ந்த இலை விழுவது அதே மரத்தின் அடியில்தானே. ஆழத்திலிருந்து இழுத்த நிக்கல் மறுபடி மேல்மண்ணுக்கு வந்து, அடுத்த விதையின் முளைவேருக்காகக் காத்திருக்கிறது.

நாற்றுகளில் நடந்த சோதனை

சட்பரியிலேயே இருக்கும் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் கப்வே இன்கொங்கோலோவும் அவருடைய குழுவும் இந்த மரங்களின் மரபியலைப் பல ஆண்டுகளாகத் துருவிவருகிறார்கள். ஊர்க் குன்றைச் சன்னலில் பார்த்துக்கொண்டே ஆராயும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. 2016-ல் அவர்கள் வெளியிட்ட வெள்ளை பிர்ச் ஆய்வு இந்தக் கதையின் நடுப்பகுதி.

சட்பரி மண்ணில் காணப்படும் மொத்த நிக்கலுக்கு ஈடாக, கிலோவுக்கு 1,600 மில்லிகிராம் என்ற அளவில் நாற்றுகளுக்கு நிக்கல் கொடுத்தார்கள். கொடுத்தது நிக்கல் நைட்ரேட். உப்பில் நைட்ரேட்டும் சேர்ந்து வருவதால், அதன் விளைவைப் பிரித்தறிய பொட்டாசியம் நைட்ரேட் கொடுத்த நாற்றுகளும் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன. சில நாற்றுகள் கருகின, சில கண்டுகொள்ளாமல் வளர்ந்தன. ஒரே இனம், ஒரே அளவு நஞ்சு, இரண்டு விதமான முடிவு. தாங்கியவை, தாங்காதவை, நிக்கலே படாதவை என்று மூன்று தரப்பிலும் அந்த நேரத்தில் எந்தெந்த மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன என்று மொத்தமாக வரிசைப்படுத்திப் பார்த்தார்கள்.

கணினி கோத்துக்கொடுத்த 'மரபணுக்கள்' 2,08,058. இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஐரோப்பிய வெள்ளி பிர்ச்சின் முழு மரபணுத்தொகுதியில் இருப்பது ஏறத்தாழ 28,000 மரபணுக்கள்தான். மாதிரி மரபணுத்தொகுதி இல்லாமல் துண்டுகளை வைத்து ஒட்டும்போது ஒரே மரபணு பல துண்டுகளாக எண்ணப்படும். வெள்ளை பிர்ச்சில் குரோமோசோம் தொகுதிகள் வேறு நான்கு, ஐந்து, ஆறு என்று மடங்காக இருக்கும். சேர்ந்து வாழும் பூஞ்சை, பாக்டீரியாக்களின் துணுக்குகளும் உள்ளே வந்திருக்கலாம். ஒப்பீட்டுக்கு எடுத்த குட்டை பிர்ச்சின் மரபணுத்தொகுதியோடு பொருந்தியது 61 விழுக்காடு. ஆகவே எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டுத் திசையைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அந்தத் திசைதான் எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது. தாங்கும் மரம் நஞ்சைக் கண்டதும் எல்லாத் தற்காப்பு மரபணுக்களையும் முடுக்கிவிட்டு மல்லுக்கு நிற்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆய்வாளர்கள் கண்ட முதன்மை வழியோ தணிப்பு. ரைபோசோமில் புரதம் கட்டும் வேலை, மூலக்கூறுகளைப் பிணைக்கும் வேலை, சவ்வின் வழியே கடத்தும் வேலை ஆகியவற்றைச் சேர்ந்த மரபணுக்களின் குரல் குறைக்கப்பட்டிருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிக்கல் நுழைவதே கடத்திப் புரதங்களின் ஏமாளித்தனத்தால். அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தால் கள்ளச்சாவிக்குத் திறக்கும் பூட்டும் குறைகிறது. புரதம் கட்டுவது செல்லின் செலவுகளிலேயே பெரிய செலவு. நிக்கல் சூழ்ந்த நேரத்தில் கட்டும் புரதம் தப்பாக மடியவும், தப்பான உலோகத்தைப் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். கலவரம் நடக்கிற தெருவில் கடைக்காரர் முதலில் ஷட்டரைத்தான் இறக்குவார், கல்லெடுக்க மாட்டார். தாங்காத நாற்றுக்கு ஷட்டரை இறக்கத் தெரியவில்லை என்று சொல்லலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது என் ஊகம். ஒரு மரபணுவின் படிகள் குறைவாக இருப்பது தாங்கும் திறனுக்குக் காரணமா, அல்லது தாங்கியதால் ஏற்பட்ட நிலையா என்பதை இந்த மாதிரி அளவீடு மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

பொதுவான தணிப்புக்கு நடுவே தாங்கும் திறனோடு தொடர்புள்ளவை என்று ஐந்து மரபணுக்களைக் குழு தனியே எடுத்துக் காட்டியது. ஒன்று குளூட்டாதயோனைச் செல்லில் உண்டாகும் கழிவுகளின் மேல் ஒட்டும் நொதி. இரண்டாவது தயோரெடாக்சின் குடும்பப் புரதம், ஆக்சிஜனால் முறுக்கேறிய புரதங்களைப் பழைய நிலைக்குத் திருப்புவது. மூன்றாவது சவ்வில் அமரும் ஒரு புரதம், அதன் வேலை இன்னும் கணிப்பு அளவில்தான். மீதி இரண்டும் முன்பு சொன்ன என்ராம்ப் கடத்திகள். கடத்தி என்றதும் உள்ளே இழுப்பது என்று மட்டும் நினைக்கக் கூடாது. இந்தக் குடும்பத்தில் சில செல்லின் வெளிச்சவ்விலும், சில நுண்குமிழின் சவ்விலும் அமரும். எந்தச் சவ்வு, எந்தத் திசை என்று தெரிந்தால்தான் அது திருடனுக்குக் கதவா, லாக்கருக்குக் கதவா என்று சொல்ல முடியும்.

அடுத்த ஆண்டு ஒரு விசித்திரமான கட்டுரையும் வந்தது. நிக்கலைத் தாங்கும் பிர்ச்சில், பாக்டீரியாக்களுக்கே உரிய டான்-பி என்ற புரதத்தைப் போன்ற ஒன்று தென்பட்டது. பாக்டீரியாவில் இது வெளிச்சவ்வின் வழியே இரும்பு, வைட்டமின் பி12, நிக்கல் போன்றவற்றை இழுக்க ஆற்றல் கொடுப்பது. மரத்துக்கு இது எப்படி வந்தது? பாக்டீரியாவிலிருந்து மரபணு தாவியதா, மரமே புதிதாக உருவாக்கியதா என்ற கேள்வியைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்திருந்தார்கள். நான் மூன்றாவது ஒரு கேள்வியையும் சேர்ப்பேன்: மரத்தோடு ஒட்டி வாழும் பாக்டீரியாவின் துணுக்கு மாதிரியில் கலந்திருக்கலாமா? வேர்த் திசு என்பது மரம் மட்டும் குடியிருக்கும் வீடில்லை. பிர்ச் குரோமோசோமில் அந்த மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் இரு பக்கமும் எந்தப் பிர்ச் மரபணுக்கள் இருக்கின்றன என்று காட்டினால் சந்தேகம் தீரும்.

புல் மாறியது, மரம் மாறவில்லை

நச்சு மண்ணில் நூறாண்டு நின்றால் அந்த மரக் கூட்டத்தின் மரபியல் மாறியிருக்க வேண்டுமே என்று தோன்றும். பலவீனமானவை செத்து, ஒரு சிறு குழு மட்டும் மிஞ்சி, பன்மை சுருங்கியிருக்க வேண்டும். சட்பரியின் பிர்ச், செவ்வோக் கூட்டங்களின் டி.என்.ஏ. அடையாளங்களைச் சுத்தமான இடங்களின் மரங்களோடு ஒப்பிட்டபோது, மரபுப் பன்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இதற்கு நேர்மாறானது அதே ஊரின் ஒரு புல். டெஷாம்ப்சியா என்ற கொத்துப்புல் 1970களில் உருக்காலைப் பக்கம் தானாகப் பரவியது. அதை ஆராய்ந்தவர்கள், அந்தக் கூட்டத்துக்கு நிக்கல், தாமிரம் உட்படப் பல உலோகங்களைத் தாங்கும் திறன் மரபிலேயே ஏறியிருப்பதைக் காட்டினார்கள். பூஞ்சைகளிலும் இதே கதை உண்டு. பெல்ஜியத்தின் வடக்கே துத்தநாக உருக்காலைகளின் நிழலில் வாழும் பைன் மரங்களின் வேர்ப்பூஞ்சை துத்தநாகத்தைத் தாங்கும்படி பரிணமித்துவிட்டது. வேரைப் போர்த்தி நிற்கும் பூஞ்சை மாறிவிட்டதால், அதன் பின்னால் இருக்கும் பைன் மரத்துக்கு மாற வேண்டிய அவசரமே குறைந்துபோனது. பிர்ச்சின் வேரும் இப்படிப் பூஞ்சை போர்த்திய வேர்தான்.

புல்லின் தலைமுறை மரத்தினுடையதை விடக் குறுகியது. உருக்காலை வந்து நூற்றிச் சொச்சம் ஆண்டில் பிர்ச் மரத்துக்கு எத்தனை தலைமுறை போயிருக்கும்? அதிலும் தண்டு செத்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் இது. இன்று குன்றோரத்தில் நிற்கும் இளந்தண்டின் கீழே இருப்பது புகைக் காலத்தைப் பார்த்த வேராகவே இருக்கக்கூடும். மேலும் பிர்ச்சின் மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகும், இறக்கை முளைத்த சின்ன விதையும் அப்படியே. சுத்தமான காட்டிலிருந்து புது மரபணுக்கள் ஆண்டுதோறும் வந்து கொட்டுவதால், உள்ளூர்த் தேர்வு எதையாவது செதுக்க முயன்றாலும் அது அழிந்தழிந்து போகிறது.

தாங்குபவை, தாங்காதவை இரண்டும் ஒரே கூட்டத்தில் கலந்து கிடப்பது இதோடு பொருந்துகிறது. திறன் முன்பே அங்கங்கே சிதறிக் கிடந்தது. உருக்காலை அதைப் படைக்கவில்லை, வெளிக்காட்டியது. மரம் மரபணுவை மாற்றாமல் அதன் வெளிப்பாட்டை ஏற்றி இறக்கிக் காலத்தை ஓட்டுகிறது என்பதுதான் எனக்குக் கிடைக்கும் சித்திரம்.

சுண்ணாம்பு

சரி, குன்றுகள் இன்று பச்சையாக இருக்கின்றனவே, அது எப்படி? 1978-ல் நகராட்சி ஒரு திட்டம் தொடங்கியது. சுரங்க வேலை குறைந்து மாணவர்களுக்குக் கோடை வேலை கிடைக்காத நேரம். அவர்கள் மூட்டை மூட்டையாக டோலமைட் சுண்ணாம்பைத் தோளில் சுமந்து பாறைகளில் ஏறிக் கையால் தூவினார்கள், ஹெக்டேருக்கு 10 டன் வீதம். அப்புறம் உரம், பின் புல்லும் பயறுவகையும் கலந்த விதை.

லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் கீத் விண்டர்ஹால்டர் கவனித்த ஒன்று இங்கே முக்கியம். சுண்ணாம்பு தூவிய இடங்களில் யாரும் நடாமலேயே பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைத்து வந்தன. விதை எப்போதும் வந்துகொண்டிருந்தது, அமிலம் இறங்கியதும் வேர் இறங்கியது. சுண்ணாம்பை அவர் ஒரு விசைக்காரணி என்று கருதினார். துப்பாக்கி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது, குதிரையை இழுக்க ஆள் வேண்டியிருந்தது.

மூலக்கூறு அளவில் இதைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். சுண்ணாம்பு மண்ணிலிருந்து ஒரு கிராம் நிக்கலைக்கூட அகற்றவில்லை. பி.எச். உயர்ந்ததும் நிக்கல் கரைசலிலிருந்து பின்வாங்கி மண் துகளில் ஒட்டிக்கொள்கிறது, அலுமினியமும் படிந்துவிடுகிறது. டோலமைட்டில் கால்சியத்தோடு மக்னீசியமும் இருக்கிறது. நிக்கல் ஆள்மாறாட்டம் செய்தது எந்த மக்னீசியத்தின் இடத்திலோ, அந்த மக்னீசியமே ஏராளமாக வந்து வாசலில் வரிசை கட்டி நிற்கிறது. தாங்கும் பிர்ச் உள்ளிருந்து கதவைக் குறைத்துச் செய்ததை, மாணவர்கள் வெளியிலிருந்து மூட்டையைக் கவிழ்த்துச் செய்தார்கள்.

2016 சோதனையின் பெரிய குறையும் இங்கேதான் தெரிகிறது. நாற்றுக்கு ஊற்றிய நிக்கல் நைட்ரேட் முழுக்கக் கரைவது. களத்து மண்ணில் 1,600 மில்லிகிராம் இருந்தாலும் வேருக்குக் கிடைக்கும் பங்கு அதில் சிறிதுதான். களத்து மரம் பல பத்தாண்டுகள் அனுபவிக்கும் மெல்லிய நச்சை நாற்று ஒரேயடியாக வாங்கியது. ஷட்டரை இறக்குவது கலவர நாளுக்குச் சரி, ஆண்டுக்கணக்கில் இறக்கியே வைத்துக் கடை நடத்த முடியாது. ஐம்பது வயதுப் பிர்ச் அதே தணிப்பைத் தொடர்கிறதா, அல்லது பூஞ்சை, வேரின் ஆழம், இலையுதிர்ப்பு என்று வேறு வழிகளுக்கு மாறிவிட்டதா என்பதற்கு நாற்றுச் சோதனையில் விடை தேட முடியாது. குன்றில் நிற்கும் மரத்தின் வேர் நுனியை, சுண்ணாம்பு போட்ட பக்கத்திலும் போடாத பக்கத்திலும், வசந்தத்திலும் கோடை முடிவிலும் எடுத்து, ரைபோசோம் மரபணுக்களின் குரலை அளக்க வேண்டும். அளந்தால், சுண்ணாம்புப் பக்கத்தில் குரல் உயர்ந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சட்பரியில் இதுவரை நட்ட மரங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. நட்டவற்றில் பெரும்பங்கு பைன்களும் ஸ்ப்ரூஸும். வெள்ளை பிர்ச்சைப் பெரும்பாலும் யாரும் நடவில்லை. சுண்ணாம்பு விழுந்த இடம் பார்த்துக் காற்றில் வந்து அதுவே இறங்கிக்கொண்டது.